தவக்காலமும் எட்டு புள்ளி ஒன்பது யூரிக் ஆசிட்டும்

4 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் மருத்துவ முகாம். வந்திருந்தவர்கள்: பங்குத்தந்தை, முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு டாக்டரம்மா, ரத்தம் எடுக்க இரண்டு பெண்கள், பேர் பதிய கோயில் உபதேசியார். எங்கள் தெருக் குடும்பங்களின் ஜெபக் குழுவான அன்பியத்திலிருந்து டெலஸ்போர் அண்ணன், அவர் மனைவி மத்தலேன் மைனி, கிழக்கு வீட்டுச் சகோதரிகள் இருவர், என் வீட்டுக்காரர் பெர்க்மான்ஸ், நான். அன்பியத்தில் இருபத்துமூன்று குடும்பம். வந்தது ஆறு பேர். பிரியாணி என்று அறிவித்திருந்தால் மண்டபம் கொண்டிருக்காது.

உபதேசியார் பேர் எழுத மாட்டாராம். பங்கின் குடும்ப அட்டை எண்ணைத்தான் ரத்தக் குழாயில் ஒட்டுவாராம். எங்களுடையது 112. ஒரு குடும்பத்தில் யார் முதலில் கை நீட்டுகிறாரோ அவருக்கு 1, அடுத்தவருக்கு 2. இவர் ஊசியைப் பார்த்ததும் ஜன்னலருகே போய் நின்று கடலை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து பார்க்காத கடலா? நான் முதலில் குத்திக்கொண்டேன். பிறகு இவரை இழுத்து வந்தேன்.

7 பிப்ரவரி, புதன்

ரிப்போர்ட் வந்தது. இவர் பேரில் இருக்கும் தாளில் யூரிக் ஆசிட் 8.9. ஆண்களுக்கு ஏழைத் தாண்டக் கூடாது. கெட்ட கொழுப்பு 168. என் தாளில் யூரிக் ஆசிட் 4.8, கொழுப்பு அளவோடு. நான் ஆச்சரியப்படவில்லை. நாலரை மணிக்கு எழுந்து ஜெபமாலை சொல்லி வீட்டைப் பெருக்குகிறவள் உடம்பும், விசிறிக்குக் கீழே நாளிதழை விளம்பரம் உட்பட வாசிக்கிறவர் உடம்பும் ஒன்றாக இருக்குமா?

டாக்டரம்மா இவரைப் பார்த்துச் சொன்னாள்: "யூரிக் ஆசிட்னா கட்டைவிரல் வீங்குற வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. அது கூடினவங்க நடக்காம, அசையாம உட்கார்ந்தே இருந்தா இதயத்துக்கும் ஆபத்து கூடுதுன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. தினமும் நடங்க."

இவருடைய அண்ணன் சிரில் ஐம்பத்தெட்டு வயதில் போனார். குளிக்கப் போனவர் துண்டோடு விழுந்து கிடந்தார். இவருக்கு இப்போது அறுபத்துமூன்று.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. மாதா சொரூபத்துக்கு முன் மெழுகுதிரி ஒன்று கூடுதலாக ஏற்றினேன், அவ்வளவுதான்.

நான் எட்டாம் வகுப்பு. மாத்திரை டப்பாக்களில் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாள்களை அகராதி வைத்து வாசித்தே இங்கிலீஷ் கற்றவள். முகாமில் கொடுத்த கையேட்டை இரண்டு முறை படித்தாயிற்று. ஈரல், ஆட்டுக்கால், சாளை, நெத்தலி, கருவாடு எல்லாம் யூரிக் ஆசிட்டைக் கூட்டும். நாளை முதல் இந்த வீட்டில் சட்டம் மாறுகிறது.

8 பிப்ரவரி, வியாழன்

கப்பல் ஏஜென்சி கொடுத்த இந்த டைரிக்கு இப்போதுதான் உருப்படியான வேலை வந்திருக்கிறது. அவர் குடித்த தண்ணீர்: ஒன்பது தம்ளர். காலை இட்லி மூன்று, மதியம் சுரைக்காய்க் கூட்டு, இரவு கோதுமைக் கஞ்சி. நடை: வீட்டு வாசலிலிருந்து மின்கம்பம் வரை, அதுவும் தெருநாய் குரைத்ததால் பாதியில் திரும்பியது.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கி வந்தோம். உயிர்ப்புத் திருநாள் வரை இந்த வீட்டில் இறைச்சி கிடையாது. எனக்கு இது நாற்பத்தாறாவது தவக்காலம், ஒரு வருஷம்கூட முறித்ததில்லை. மத்தலேன் மைனி வெள்ளிக்கிழமை மட்டும்தான் விடுகிறாளாம். மோட்சத்துக்குத் தவணையில் போகிறாள் போலிருக்கிறது.

இறைச்சிதான் விலக்கு, மீனுக்கு விலக்கில்லை. இன்று நல்ல சாளை வந்தது. வழக்கம்போல் இரண்டு பேருக்கு வாங்கிப் புளிமுளகுக் குழம்பு வைத்தேன். இவருக்குப் புடலங்காய். சட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"ஒரு துண்டு தந்தா செத்தா போவேன்?" என்று கேட்டார்.

"போவிய" என்றேன்.

அவர் பங்கை வீணாக்க முடியாது. நானே சாப்பிட்டேன். மீனைக் கொட்டுவதும் பாவம்தான்.

20 பிப்ரவரி, செவ்வாய்

இவரைக் கடற்கரைச் சாலை நடைக் குழுவில் சேர்த்துவிட்டேன். டெலஸ்போர் அண்ணன்தான் செயலாளர். பதினான்கு ஆண்கள், எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முதுகில் குழுவின் பேர். போருக்குப் போவதுபோல் கிளம்புகிறார்கள். நடப்பது ஒரு மணி நேரம் என்றால் உலக அரசியலைத் திருத்துவது அரை மணி நேரம். பெண்கள் கிடையாது. இருந்தால் பேச்சு நடுவில் யாராவது "அரிசி வாங்கிட்டிங்களா" என்று கேட்டுவிடுவார்கள் அல்லவா.

இவர் வேர்த்து வந்து, "நீயும் வாயேன் ஜெசி, காத்து நல்லா இருக்கு" என்றார். சேலையைத் தூக்கிச் செருகி, கான்வாஸ் செருப்பு மாட்டிக்கொண்டு ரோட்டில் கையை வீசி நடக்கிற பெண்களை எனக்குத் தெரியும். வீட்டில் மூன்று வேளை சமைத்தால் அந்த ஆசை வராது. நான் ஒரு நாளில் இந்த வீட்டுக்குள் நடக்கிற நடைக்குத் திருச்செந்தூரே போய்விடலாம் என்றேன். சிரித்தார். சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

25 பிப்ரவரி, ஞாயிறு

இவருடைய செல்போன் அடிகளை எண்ணுமாம். நேற்று 7,812 என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். இன்று பூசைக்குப் பிறகு அவர் மதியத் தூக்கம் போகும் வரை பொறுத்திராமல், காலையிலேயே அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். சமையல், பாத்திரம், துணி, கொல்லைப்பக்கம், மாதா பீடம் துடைத்தது எல்லாம் முடித்து மாலை ஆறு மணிக்குப் பார்த்தால் 2,140.

அந்த இயந்திரம் ஆண்கள் செய்தது. குனிவது, நிமிர்வது, அரைப்பது எதுவும் அதற்குக் கணக்கில்லை. இவரிடம் எண்ணைச் சொல்லவில்லை. கேட்டார். சார்ஜ் போய்விட்டது என்றேன்.

3 மார்ச், ஞாயிறு

இன்று நெத்தலி அவியல். இவருக்குப் பீர்க்கங்காய். என் வலது கால் கட்டைவிரல் கொஞ்சம் சிவந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைக்கும் வெறுந்தரையில் முழங்காலிட்டேன். மற்றவர்கள் மெத்தைப் பலகையில். விரலுக்கு அதுதான் காரணம், புதுச் செருப்பும் ஒரு காரணம். ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன்.

12 மார்ச், செவ்வாய்

விரல் சரியாகிவிட்டது. இன்று சாளைக் கருவாடு. அவருக்குச் சுரைக்காய்.

22 மார்ச், வெள்ளி

இவர் நாலு கிலோ குறைந்திருக்கிறார். பெல்ட்டில் புதுத் துளை போட ஆணியைத் தேடினார். இந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ஆணியைத் தேடி எடுத்ததைப் பார்த்தேன். இவர் வருஷக்கணக்காய்ப் போடும் ரத்த அழுத்த மாத்திரையை டாக்டரம்மா பாதியாக்கிவிட்டாள். எல்லாம் என் சட்டத்தின் பலன். குழுவில் இவர் அதை டெலஸ்போர் அண்ணனின் பலன் என்று சொல்லிக்கொள்கிறாராம்.

மிளகாய் காயவைக்க மொட்டைமாடிக்கு ஏறினேன். பதினெட்டுப் படி. நடுவில் ஒருமுறை நின்றேன், கூடை கனம். மத்தலேன் மைனி அவள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "என்ன மைனி, இப்படி மூச்சு வாங்குது?" என்றாள். நான் மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டே ஏறினேன், அதை மூச்சு என்று நினைத்துவிட்டாள். ஜெபம் கேட்டுப் பழக்கமில்லாத காது.

29 மார்ச், பெரிய வெள்ளி

உபவாசம். மதியம் மூன்று மணிக்குத் திருச்சிலுவையை முத்தமிடும் வரிசையில் நிற்க முடியவில்லை. கட்டைவிரல் பழுத்த தக்காளி மாதிரி ஆகிவிட்டது. சேலைக் கரை பட்டாலும் தாங்கவில்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டது யார்? மத்தலேன் மைனி. வெள்ளிக்கிழமை மட்டும் இறைச்சி விடுகிறவள் நின்றாள், நாற்பது நாள் விட்டவள் உட்கார்ந்தேன். ஆண்டவருக்கு இதில் ஏதோ நோக்கம் இருக்கும். எனக்கு இன்னும் சொல்லவில்லை.

இவர் வீட்டில் என் காலை மடியில் வைத்துப் பார்த்தார். "டாக்டர்ட்ட காட்டுவோம் ஜெசி." சுளுக்கு என்றேன்.

2 ஏப்ரல், செவ்வாய்

டாக்டரம்மாவின் கிளினிக்கில் இவருக்கு மறுபரிசோதனை. நான் நொண்டிக்கொண்டே கூடப் போனேன், பலனைக் காதால் கேட்க வேண்டுமே. ஒரு மணி நேரத்தில் எண் வந்தது. யூரிக் ஆசிட் 4.7. எட்டு வார உழைப்பு. நான் டைரியை விரித்து, தண்ணீர், காய், நடை எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவள் பாராட்டுவாள் என்று பார்த்தால் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்னம்மா?"

"எனக்கு 4.8. உங்க முகாம்ல எடுத்ததுதான்."

"அது பிப்ரவரில. இன்னைக்கு ஒரு தடவை எடுப்போம்" என்றாள். வேண்டாம் என்றேன். இவர் என் கையைப் பிடித்து மேசையில் வைத்தார். பதினான்கு பேரோடு நடந்து நடந்து கை பலமாகியிருக்கிறது.

4 ஏப்ரல், வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று என் ரிப்போர்ட் வாங்கப் போனோம். இவர் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். என் யூரிக் ஆசிட் 9.4. கெட்ட கொழுப்பு 171. எட்டு வாரத்தில் இப்படி ஏறுமா என்று அவளுக்கே சந்தேகம். பிப்ரவரித் தாள்கள் இரண்டையும் கேட்டாள். என் பையில் இருந்தன. எந்தத் தாளையும் நான் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. நாலு தாளையும் மேசையில் பரப்பி வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "முகாம்ல யாரும்மா முதல்ல ரத்தம் கொடுத்தது?"

"நான்தான்."

குழாயில் 112-1 என்றால் முதலில் கை நீட்டியவர். தாள் அடிக்கும்போது பங்குப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் போட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் 112-ன் முதல் ஆள் குடும்பத் தலைவர். மற்ற வீடுகளில் தலைவர்தான் முதலில் போயிருக்கிறார், அதனால் யாருக்கும் மாறவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் மாறியிருக்கிறது.

எட்டு புள்ளி ஒன்பது என்னுடையது. நாலு புள்ளி எட்டு அவருடையது. எட்டு வாரச் சுரைக்காய்க்கு அவர் எண் புள்ளி ஒன்று இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்காக அவளை மன்னிக்கிறேன். இந்த எட்டு வாரம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். சொன்னேன். தவக்காலம் என்றும் சொன்னேன். ஆட்டிறைச்சியை விட்டுவிட்டுத் தினமும் சாளையும் நெத்தலியும், அதிலும் இரண்டு பேர் பங்கு என்றால் எண் வேறு எங்கே போகும் என்றாள். நடப்பீர்களா என்றாள். வீட்டு வேலை என்றேன். "மூச்சு வாங்கவே வாங்காத வேலை உடற்பயிற்சி ஆகாதும்மா. படி ஏறினா மூச்சு வாங்குதா?" கூடை கனம் என்றேன். இ.சி.ஜி. எடுத்தாள். அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்தாள். ஒரு சிறு மாறுதல் தெரிகிறதாம். பயப்படத் தேவையில்லையாம், ஆனால் டிரெட்மில் பரிசோதனை செய்தே ஆக வேண்டுமாம். அதுவரை வேகமாக நடக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, நெஞ்சு இறுக்கினால் உடனே வர வேண்டும்.

அவரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். "உங்க ரிப்போர்ட், நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும்."

இவர் உள்ளே வந்து என்ன என்று கேட்டார். சுளுக்கு என்றேன்.

5 ஏப்ரல், வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. வெண்டைக்காய்.

7 ஏப்ரல், ஞாயிறு

இவருக்கு மட்டும் சாளை பொரித்து வைத்தேன். எட்டு வாரம் ஏக்கமாய்ப் பார்த்த மனிதர் தட்டைத் தள்ளிவிட்டார். "நாலு புள்ளி ஏழு. அதைக் கெடுக்கச் சொல்றியா?" சுரைக்காய் பழகிவிட்டதாம், வயிறு லேசாக இருக்கிறதாம். குழுவில் இவர்தான் இப்போது மற்றவர்களுக்கு உணவு உபதேசம் செய்கிறாராம். கிழக்கு வீட்டு நாய்க்கு அந்தச் சாளையைப் போட்டேன். எனக்கும் புடலங்காய்தான். உப்பு, புளி எதுவும் குறையில்லாமல் வைத்தும் ஒரு பொருளைத் தின்கிற திருப்தி அதில் இல்லை. இதை எட்டு வாரம் தின்றிருக்கிறார்.

10 ஏப்ரல், புதன்

இவர் கடற்கரைக்குப் போன பிறகு மொட்டைமாடியில் நடக்கிறேன். வேகமாக நடக்கக் கூடாது என்றுதானே சொன்னாள்? ஜெபமாலை வேகத்தில் நடக்கிறேன். மாலையின் ஒரு மணிக்கு ஒரு சுற்று. இதற்குப் பனியனும் சங்கமும் தேவையில்லை. மாடி ஏறக் கூடாது என்றும் சொன்னாள்தான். ஏறாமல் மாடியில் எப்படி நடப்பது?

13 ஏப்ரல், சனி

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். கணவர் சொல் கேட்பதில்லை, டெலஸ்போர் அண்ணனோடு சேர்ந்து வீண் பெருமை பேசுகிறார், செய்தித்தாளை நேரத்துக்கு மடித்து வைப்பதில்லை, இதனால் எனக்குக் கோபம் என்ற பாவம் வருகிறது என்று வரிசையாகச் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, இதுவரை உங்க வீட்டுக்காரர் பாவத்தைச் சொல்லிட்டீங்க. உங்களோடது எப்போ வரும்?" என்றார்.

பாதி நேரம் தூங்கி வழிகிறார் என்று நான் நினைத்திருந்த ஆள் அவர்.

சொன்னேன். என் வியாதியை அவர் தலையில் கட்டி எட்டு வாரம் பட்டினி போட்டதை, தெரிந்தும் பத்து நாளாய் மறைப்பதை, என் தவத்தின் மேல் எனக்கிருந்த கர்வத்தை. தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் முழுதும் கேட்டார். பிறகு, "இந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறுக்குள்ள அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. வேற அபராதம் ஒண்ணும் வேண்டாம்" என்றார். ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை கொடுத்திருந்தால் அங்கேயே முடித்துவிட்டு வந்திருப்பேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

சொல்லவில்லை. வருஷப் பிறப்பு என்று யார் யாரோ வந்துவிட்டார்கள்.

15 ஏப்ரல், திங்கள்

சொல்லப் போனேன். இவர் பனியனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், தானாகவே. திரும்பி வந்துவிட்டேன்.

16 ஏப்ரல், செவ்வாய்

மாடியில் ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணியைச் சொல்லும்போது நெஞ்சுக்கு நடுவே யாரோ கையை வைத்து அழுத்தியது போல் இருந்தது. இடது தாடை வரை வந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. வாயு என்று எழுத நினைத்துப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் ஏசிய ஏச்சை என் அம்மாகூட ஏசியதில்லை. உடனே வரச் சொல்லி, மறுபடி இ.சி.ஜி. எடுத்தாள். மோசமாகவில்லையாம். நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையும், வேறு இரண்டும் தந்தாள். ஆட்டோவில் தனியாகப் போய் வந்தேன். பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டாள். "அன்னைக்கும் தனியா வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

17 ஏப்ரல், புதன்

இந்தப் பக்கம் உங்களுக்கு. கடற்கரையிலிருந்து வந்ததும் நீங்கள் செய்தித்தாளைத் தேடுவீர்கள். அதற்குமேல் இதை விரித்து வைத்துவிட்டுப் பூசைக்குப் போகிறேன்.

பிப்ரவரியில் வந்த 8.9 உங்களுடையது இல்லை, என்னுடையது. எப்படி மாறியது என்பது ஏப்ரல் நாலாம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் எண் அன்றும் சரியாகத்தான் இருந்தது. எட்டு வாரமும் நீங்கள் சாளை சாப்பிட்டிருக்கலாம். சாப்பிட விடாததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நடக்க வைத்ததற்குக் கேட்க மாட்டேன், மாத்திரை பாதியானது அதனால்தான்.

நேற்று மாடியில் எனக்கு நெஞ்சை அடைத்தது. அதுவும் எழுதியிருக்கிறேன்.

முன்பக்கங்களைப் படிக்க வேண்டாம் என்றால் கட்டாயம் படிப்பீர்கள். படியுங்கள். உங்களைப் பற்றி நிறைய இருக்கிறது, சிலது அநியாயம், பலது உண்மை. டெலஸ்போர் அண்ணனிடம் மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பதினான்கு பேரும் என் யூரிக் ஆசிட்டைக் கடற்கரைச் சாலை முழுக்கத் தூக்கிக்கொண்டு நடப்பதை நான் விரும்பவில்லை.

வரும் 23, செவ்வாய், காலை பத்து மணிக்கு டிரெட்மில் பரிசோதனை. ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்ப்பார்கள். வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்டு வெளியே உட்கார வேண்டும். அதில் ஏதாவது தெரிந்தால் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்குமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நான்கு நாள் முயன்றேன்.

செவ்வாய்க்கிழமை என்னோடு வருவீர்களா? இதற்குக் கீழே எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் டாக்டரம்மாவுக்குச் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் தாருங்கள்.

ஜெசிந்தா